முப்பத்தெட்டாவது அட்டை

இரண்டாம் மாடியின் ஒற்றைச் சாளரத்தை ஒட்டி, கைப்பிடி தேய்ந்த மர நாற்காலியில் பதினோரு ஆண்டுகள் அசையாது வீற்றிருந்தவரும், ‘மகசூல்’ முதல் ‘மௌனம்’ ஈறாக மகரத்தில் தொடங்கும் சொற்படை அனைத்தையும் ஒரு வீரனும் உதிராமல் காத்துவந்தவரும், மேலுதட்டுக்கு மேல் கரிய கோட்டை மதில்போல் மீசை வளர்த்தவரும், கேள்வி ஒன்றை எய்துவிட்டுப் பதில் விழும்வரை இமை கொட்டாது காத்திருக்கும் நீள்மௌன வில்லாளரும், அகராதி அலுவலகத்தின் துணைப்பதிப்பாசிரியருமாகிய மகர வரிசைக் காவலருக்கு முதல் வணக்கம்!

இரண்டாம் வணக்கம் அவருடைய நாற்காலிக்கு. அலுவலகம் முழுவதும் புழுங்கும் நண்பகலிலும் ஒரு கீற்றுக் காற்று வந்து தொடுகிற ஒரே இடம் அது. அங்கே அமர்ந்தால் எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியும், அதன் விளிம்பில் வந்து உட்கார்ந்து உலகத்தை வெறுக்கும் ஒரு காகமும் தெரியும். இந்தப் போர் சொல்லுக்காக நடந்தது என்று பின்னால் வருகிறவர்கள் எழுதக்கூடும். நம்ப வேண்டாம். தொடக்கத்தில் அது நாற்காலிக்காகத்தான் நடந்தது.

காவலருக்கு எதிரே, அறையின் மறுகோடியில், கழிவறைக் கதவை அடுத்து, தாழ்ப்பாள் விழாத அந்தக் கதவின் ஒவ்வொரு முனகலையும் காதில் வாங்கியபடி, அமர்ந்திருந்தார் பகர வரிசை அம்மையார். ‘பகட்டு’ என்றால் பகட்டின் ஏழு வகையும், ‘பகை’ என்றால் பகையின் பதினாறு நிழலும் சொல்லக்கூடியவர். அன்னாரின் கூர்மதி கண்டு அஞ்சாதவர் அந்த மாடியில் இல்லை. ஆயினும் என்ன பயன்? பதினோரு ஆண்டுகளாக நாள்தோறும் பத்துப் பதினைந்து முறை, அவசரமாக வருகிற யாரேனும் ஒருவர் அவர் முன்னே நின்று, “உள்ள ஆள் இருக்காங்களா?” என்று கேட்பார். அம்மையார் தலை நிமிராமல், “இருக்காங்க” அல்லது “இல்ல” என்பார். பேரறிஞர் ஒருவரைக் காலம் இதைவிடக் கொடுமையாக அவமதித்ததாகத் தெரியவில்லை.

இனி, அந்த அலுவலகத்தின் சட்டத்தைச் சொல்ல வேண்டும். எந்தச் சொல்லும் பொருளை மட்டும் கட்டிக்கொண்டு அகராதிக்குள் நுழைய முடியாது. எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்று கூடவே வர வேண்டும். அந்த வாக்கியத்தை மேசையில் உட்கார்ந்து புனையக் கூடாது. உயிருள்ள ஒருவர், தம் வேலையைப் பார்த்தபடி, தம் வாயால், தாமாகச் சொல்லியிருக்க வேண்டும். தெருக் கூட்டுபவரோ தலைமைப் பதிப்பாசிரியரோ, யார் சொன்னாலும் செல்லும். ஆனால் அந்தச் சொல்லை அவர் காதில் போட்டு வாயிலிருந்து வாங்குவது பெருங்குற்றம். ‘கேட்டுப் பெற்ற சாட்சி கெட்ட சாட்சி’ என்று அலுவலகச் சுவரிலேயே எழுதி மாட்டியிருந்தது. சொன்ன வாக்கியத்தை உள்ளங்கை அகல அட்டையில் எழுதி, சொன்னவரிடம் காட்டி, கையெழுத்தும் வாங்கிவிட வேண்டும். கையெழுத்து இல்லாத அட்டை வெறும் காகிதம்.

அப்படி, மகரத்தின் மூவாயிரத்துச் சொச்சம் சொற்களும் சாட்சியோடு உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டன. ஒன்றே ஒன்று வாசலில் நின்றது. ‘மறுகற்பனை’ என்பது அதன் பெயர்.

அதற்குச் சாட்சி இல்லாமல் இல்லை. காவலரின் இழுப்பறையில் முப்பத்தேழு அட்டைகள் இருந்தன. ‘உங்கள் குளியலறையை மறுகற்பனை செய்யுங்கள்’ என்றது தரைக்கல் விற்பவரின் விளம்பரம். ‘வங்கிச் சேவையை மறுகற்பனை செய்தோம்’ என்றது ஒரு துண்டறிக்கை. ‘கழிவு மேலாண்மையை மறுகற்பனை செய்தல்’ என்றது ஒரு சுற்றறிக்கை, மூன்று பக்கத்துக்கு. படித்து முடித்தபின் குப்பை எங்கே போகும் என்று யாருக்கும் விளங்கவில்லை. முப்பத்தேழிலும் மனித மூச்சு பட்ட ஒன்று இல்லை. எல்லாம் பலகை பேசியவை.

அன்று காலை பத்து மணிக்குத் தலைமைப் பதிப்பாசிரியர், இடி முழங்குமுன் வானம் கனைப்பதுபோல் தொண்டையைக் கனைத்து, அவை நடுவே பிரகடனம் செய்தார்.

“இன்று மாலை நான்கு மணிக்கு மகரம் மூடப்படும். அதற்குள் ஒரு வாய் இந்தச் சொல்லைச் சொல்லியிருக்க வேண்டும். இல்லையேல் சொல் நீங்கும்!”

பகர அம்மையார் பேனாவை மூடினார். மூடிய ஓசை வாளை உறையிலிருந்து உருவிய ஓசைபோல் கேட்டது.

“நான் அப்பவே சொன்னேன். மாத்தி யோசின்னு போறவன் வர்றவன் எல்லாம் சொல்றான். அதுக்குக் கோட்டு சூட்டு மாட்டி இப்படி ஒரு வார்த்தை எதுக்கு, மகரம் சார்?”

காவலர் விடையிறுத்தார். “மாத்தி யோசிக்கிறதுன்னா அதே ஊருக்கு வேற வழியில போறது, மேடம். இது அப்படியில்ல. ஊரே வேற ஊராத் தெரியறது.”

“தெரியட்டும். யாருக்காவது தெரிஞ்சா ஒரு வாயாவது சொல்லியிருக்கணுமே? பந்தயம் வச்சுக்கலாமா? நாலு மணிக்குச் சொல்லு விழுந்தா அந்த ஜன்னல் நாற்காலி எனக்கு. நின்னா, நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் இந்தக் கதவோரமே கெடக்கேன். வாயே திறக்க மாட்டேன்.”

காவலரின் கை, அவரை அறியாமல், நாற்காலியின் தேய்ந்த கைப்பிடியைப் பற்றியது. காகம் சாட்சியாக, தண்ணீர்த் தொட்டி சாட்சியாக, தலைமைப் பதிப்பாசிரியர் நடுவராக, பந்தயம் முடிவாயிற்று.

காவலரிடம் படை இல்லை, பரி இல்லை. இருந்த ஆயுதம் ஒன்று. மௌனம். ஒரு கேள்வியை இட்டுவிட்டுச் சும்மா இருந்தால், எதிரே இருப்பவருக்கு அந்த வெற்றிடம் பொறுக்காது; வாயில் வருவதையெல்லாம் போட்டு நிரப்புவார். அப்படி நிரப்பும்போதுதான் மறைந்து கிடக்கும் அரிய சொற்கள், வெள்ளத்துக்கு அஞ்சி வளையை விட்டு ஓடும் நண்டுகளைப்போல், வெளியே வரும். இந்த உத்தியில் அவர் பிடித்த சொற்கள் நூற்றுக்கு மேல். ஆயினும் மௌனம் என்னும் அந்த வில்லுக்கு இன்னொரு முனை உண்டு என்பதையும், எய்தவன் மார்பையே அது நோக்கும் என்பதையும், மாவீரர் அறியாதிருந்தார்.

பதினொன்றரை மணிக்கு, மதிய உணவு சிந்தினால் மாற்றிக்கொள்ள மேசை இழுப்பறையில் வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு, கழுத்துப்பட்டி நைந்த அந்தப் பழம்போர்க் கொடியைத் தோளில் சாத்தி, படியிறங்கி, தெருவைக் கடந்து, தையற்காரரின் கடைவாசலில் போய் நின்றார். இருக்கிற துணியையே வேறொன்றாக மாற்றிப் பார்க்கிற தொழில் தையல்தானே? இங்கே அந்தச் சொல் பிறக்காவிட்டால் எங்கே பிறக்கும்?

“இதை என்ன பண்ணலாம்?” என்று கேட்டுவிட்டு, நாணேற்றியதுபோல் வாயை இறுக்கிக்கொண்டார்.

தையற்காரர் சட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். “காலர் போயிடுச்சு சார். திருப்பித் தெச்சுடலாம்.”

மௌனம்.

“வேணாமா? சரி, காலரையே எடுத்துட்டுப் பட்டையா வச்சுடலாம்.”

மௌனம்.

“அதுவும் வேணாமா?” தையற்காரர் சட்டையை மேசைமேல் விரித்து, காலை அகட்டி நின்று, புதிய நிலப்பரப்பைப் பார்க்கும் தளபதிபோல் பார்த்தார். “சட்டைன்னு பாத்தா இது செத்துப் போச்சு. சட்டைன்னு ஏன் சார் பாக்கணும்? முதுகுத் துணியில ஒரு தலையணை உறை. முன்பக்கம் ரெண்டையும் அப்படியே சேத்தா இன்னொரு உறை. பட்டன் ஏற்கெனவே இருக்கு பாருங்க! கை ரெண்டும் குடைக்கு உறை. மழை நின்னதும் குடைய மடக்கி உள்ள விட்டா சொட்டாது. இதுக்குப் பேரு என்ன தெரியுமா சார்?”

காவலரின் நெஞ்சில் முரசு அதிர்ந்தது. இதோ, பொருள் முழுவதும் வந்துவிட்டது. சொல் நாக்கின் நுனியில் தேரேறி நிற்கிறது. விரல்கள் பையிலிருந்த அட்டையைத் தேடின.

“கஞ்சத்தனம்!” என்று சொல்லித் தையற்காரர் தம் நகைச்சுவையைத் தாமே மெச்சிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கத்தரியை எடுத்தார். காவலர் எதுவும் சொல்லாததைச் சம்மதம் என்று கொண்டார். வெள்ளைச் சட்டையின் இரு கைகளும், களத்தில் வீழ்ந்த வீரனின் கரங்கள்போல், மேசையின் இருபுறமும் விழுந்தன.

முதற்போரில் சட்டை போயிற்று. அதனாலென்ன? துணியிடம் கிடைக்காத சொல் முகத்திடம் கிடைக்கும் என்று கருதி, இரண்டு கடை தள்ளி இருந்த முடிதிருத்தும் நிலையத்துக்குள் காவலர் புகுந்து, சுழல்நாற்காலியில் சிங்கம் குகையில் அமர்வதுபோல் அமர்ந்தார்.

“போன வாரம்தான சார் வெட்டினீங்க?”

“இந்த முகத்தை என்ன பண்ணலாம்?”

முடிதிருத்துநர் கண்ணாடியில் அவரை உற்றுப் பார்த்தார். “இருக்கிற முகத்துலதான் சார் பண்ண முடியும்.”

மௌனம்.

“கோவிச்சுக்காதீங்க. நல்ல முகம்தான். மீசைதான் முன்னாடி நிக்குது. நான் கடை போட்ட நாள்லேருந்து இதே மீசை. அதுக்குப் பின்னாடி யாரு இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியாது. ஒரே ஒரு தடவை, கண்ண மூடிக்கிட்டு, மீசை இல்லாம உங்கள நெனச்சுப் பாருங்களேன்.”

ஆகா! கற்பனையின் வாசலுக்கே வந்துவிட்டான் மனிதன். ‘மறு’ என்ற ஓரடி எடுத்துவைத்தால் போதும். சொல்லின் காலடி ஓசையைத் தவறவிடக் கூடாதென்று, கூர்ந்து கேட்பவர்கள் எல்லாரும் செய்வதுபோல், காவலர் கண்களை மூடிக்கொண்டார்.

அந்தோ! மூடியவர் வாயைத் திறந்திருக்கலாம். குளிர்ந்த நுரை ஒன்று உதட்டின் மேல் வந்து படிந்ததும் திடுக்கிட்டு விழித்தார். கண்ணாடியில், பாதி மதில் சரிந்த கோட்டை ஒன்று அவரைத் திரும்பிப் பார்த்தது. கை உயர்த்தித் தடுத்தார்.

“பாதியில நிறுத்தினா உங்களுக்கும் அவமானம், எனக்கும் அவமானம் சார்” என்றார் முடிதிருத்துநர், நியாயமாக. எஞ்சிய பாதியும் வீழ்ந்தது.

வெளியே வந்தபோது காற்று முதன்முறையாக அவருடைய மேலுதட்டைத் தொட்டது. அது யாருடைய உதடோ என்றிருந்தது. மணி ஒன்றரை. பசி தெரியவில்லை. நடைபாதையில் மூடிய கடை ஒன்றின் படியில் உட்கார்ந்து நெடுநேரம் ஒன்றும் செய்யாதிருந்தார். ஒன்றும் செய்யாதிருப்பதில் அவரை வெல்ல ஆளில்லை. எதிரே போகிறவர் ஒவ்வொருவர் வாயையும் பார்த்தார். அத்தனை வாய்களும் எதையோ சொல்லிக்கொண்டே போயின. அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

எஞ்சியிருந்தது ஒரே அம்பு. எதிரியும்கூட எய்யத் துணியாத அம்பு. எட்டு ஆண்டுகளாக வீட்டில் பேசக் கூடாதென்று இருந்த விஷயம் அது. அவருடைய வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் அறை உண்டு. அங்கே தரையிலிருந்து கூரைவரை அட்டைப் பெட்டிகள். பழைய அட்டைகள், கழித்த அட்டைகள், கழித்தது சரியா என்று மறுபடி பார்ப்பதற்கான அட்டைகள். அதற்குள் ஆள் நுழைய வேண்டுமானால் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். அந்த அறையைப் பற்றி மனைவி எட்டாண்டு முன்பு ஒரு பேச்சை எடுத்தாள். காவலர் பதிலே சொல்லவில்லை. பேச்சு அத்தோடு நின்றது. நின்றாலும் வீட்டிலேயே இருந்தது.

அவர் கைபேசியை எடுத்தார். விதி சிரித்தது. எடுத்த கையை அவர் தாழ்த்தவில்லை.

“அந்தப் பெட்டி ரூமை என்ன பண்ணலாம்?” என்று கேட்டார்.

மறுமுனையில் மௌனம். உலகத்திலேயே அவருக்கு நிகராக மௌனம் காக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்; முப்பது ஆண்டு அவரிடமே பயின்றவள் அல்லவா! இரு பெரும் மலைகள் எதிரெதிரே நின்றதுபோல் இருவரும் நின்றனர். கடைசியில் அவள்தான் பேசினாள்.

“யாரு பேசறது?”

“நான்தான்.”

“உடம்பு ஏதாவது சரியில்லையா?”

மௌனம்.

“ஏங்க, நெசமாத்தான் கேக்கறீங்களா?”

மௌனம்.

அணை உடைந்தது. “மாமா முட்டியப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா இறங்கறாரு. காலையில காபிக்கு இறங்கினா, ஏற முடியாம மதியம் வரைக்கும் கீழயே நாற்காலியில தூங்கறாரு. உங்க அப்பா அவரு. நீங்க பாக்கறதில்ல, நான் பாக்கறேன். அந்த ரூமைப் பெட்டி ரூம், பெட்டி ரூம்னு சொல்லிச் சொல்லியே அது ஒரு ரூம்ங்கறதே நமக்கு மறந்து போச்சு. ஜன்னல் இருக்கு. பாத்ரூம் பக்கத்துலயே இருக்கு. ஒரு கட்டில் போட்டா மாமா கீழயே இருந்துடுவாரு. பெட்டியெல்லாம் மாடிக்குப் போகட்டும். பெட்டிக்கு என்ன, முட்டி வலியா?”

காவலர் கைபேசியைக் காதோடு அழுத்தினார். சொல், இப்போது, இப்போது…

“எங்க அண்ணன் இங்கதான் இருக்கான். இப்பவே தூக்க ஆரம்பிச்சுடறோம்” என்றாள் அவள். “நல்ல வேளை, நீங்களே கேட்டீங்க.”

இணைப்பு அறுந்தது. மூன்றாம் போரில் அறை போயிற்று.

படியிலேயே உட்கார்ந்திருந்தார். தோல்வி என்று சொல்லத் தோன்றவில்லை. வேறு எதுவோ உள்ளே உறுத்தியது. சட்டைப்பையிலிருந்து தம் வரையறையை எடுத்துப் பார்த்தார். ‘மறுகற்பனை: பழகிய ஒன்றைப் புதிய கோணத்தில் சிந்தித்தல்.’ ஆறு மாதம் செதுக்கிய வரி. இப்போது அது தரைக்கல் விளம்பரம்போல் இருந்தது. ‘அது ஒரு ரூம்ங்கறதே நமக்கு மறந்து போச்சு.’ முட்டிவலியைப் பார்த்துப் பேசிய ஒருத்திக்குத் தெரிந்தது, அட்டையை அடுக்கிக்கொண்டிருந்தவருக்குத் தெரியவில்லையே! பென்சிலை எடுத்து, பழைய வரியை அடித்துவிட்டு, அதன் கீழே எழுதினார்: ‘பழக்கத்தால் கண்ணுக்கு மறைந்துபோன ஒன்றை, முதன்முறை காண்பதுபோல், மனத்தில் மீண்டும் உருவாக்கிக் காணுதல்.’

பொருள் கிடைத்துவிட்டது. சட்டையும் மீசையும் அறையும் கொடுத்து வாங்கிய பொருள். சாட்சி மட்டும் இல்லை. ஊர் முழுக்க அந்தச் செயல் நடந்துகொண்டிருக்கிறது. அதன் பெயரைச் சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை.

மூன்றே முக்கால் மணிக்கு, ஒரு கையில் தையற்காரர் தைத்து முடித்திருந்த தலையணை உறைகளும் குடை உறைகளும் கொண்ட பொட்டலமும், மறு கையில் எழுதப்படாத முப்பத்தெட்டாவது அட்டையுமாக, தேரிழந்து, கொடியிழந்து, மதிலும் இழந்த மாவீரர் இரண்டாம் மாடி ஏறினார்.

பகர அம்மையார் நிமிர்ந்து, “யாரு வேணும்?” என்றார்.

பிறகு பேனா கையிலிருந்து விழுந்தது. “ஐயோ, மகரம் சாரா? என்ன சார் இது? பந்தயத்துல மீசையச் சேக்கவே இல்லையே!”

காவலர் ஒன்றும் சொல்லவில்லை. உத்தியாக அல்ல, சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. போய்த் தம் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். உட்காரவில்லை. அதன் கைப்பிடியில் பதினோரு ஆண்டுகளாகத் தம் முழங்கை தேய்த்த பள்ளத்தைப் பார்த்தார். காகம் கூட அவரை அடையாளம் காணாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அம்மையார் எழுந்தார். வெற்றி கிட்டிய வேந்தர் கைப்பற்றிய நகருள் நுழைவதுபோல், கையில் சிறு செடித்தொட்டி ஒன்றை ஏந்தி, வரிசைகளைக் கடந்து வந்து, சாளரத்தின் அடிக்கட்டையில் அதை வைத்தார். வைத்துவிட்டு ஒரு விரலால் அரை அங்குலம் நகர்த்தினார். எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று அந்த விரலுக்கு முன்பே தெரிந்திருந்தது. காவலர் அதைக் கண்டார். கண்டும் பேசாமல் நின்றார்.

அந்த மௌனத்தை அம்மையாரால் தாங்க முடியவில்லை.

“அப்படிப் பாக்காதீங்க சார். பாவமா இருக்கு. ஆனா நீங்களே சொல்லுங்க. பதினோரு வருஷம். உள்ள ஆள் இருக்காங்களா, உள்ள ஆள் இருக்காங்களா. அந்தக் கதவைப் பாத்துக்கிட்டே நான் வேற என்னதான் பண்ண முடியும்? தினமும் மனசுக்குள்ள இந்த மூலையத்தான் மறுகற்பனை பண்ணிக்கிட்டு இருந்தேன். மேசையக் கொஞ்சம் திருப்பி, தொட்டிய இங்க வச்சு, காத்து வந்தா பேப்பர் பறக்காம அந்தக் கல்லை வச்சு… நீங்க உக்காந்திருக்கும்போதே உங்கள எழுப்பிட்டு நான் உக்காந்திருக்கேன் சார், எத்தனையோ நாள்.”

சொன்னவருக்குத் தாம் என்ன சொன்னோம் என்று தெரியவில்லை. கேட்டவருக்குத் தெரிந்தது. காலம் நின்றது, மின்விசிறி நின்றது (அது எப்போதும் மூன்று ஐம்பதுக்கு நிற்கும்), வானத்தில் பறந்த காகமும் நின்றதாகச் சிலர் சொல்வர். மகரக் காவலரின் கை, வாளின் பிடியை நாடும் கைபோல், அட்டையை நாடிற்று. அவர் கேட்கவில்லை. அவர் காதில் போடவில்லை. உயிருள்ள ஒருவர், தம் வாயால், தாமாக, தம் நெஞ்சத்தின் அடியிலிருந்து சொல்லியிருக்கிறார். பென்சில் சரசரவென ஓடியது.

எழுதி முடித்த அட்டையை அம்மையாரின் முன்னே வைத்தார்.

அம்மையார் படித்தார். முதலில் சிவந்தார், பிறகு வெளுத்தார், பிறகு, பகரத்தின் தலைவி அல்லவா, சட்டென நிமிர்ந்தார்.

“கையெழுத்து போட மாட்டேன்.”

அட்டை இருவருக்கும் நடுவே கிடந்தது.

“போட்டா வார்த்தை நிக்கும். வார்த்தை நின்னா நாற்காலி போச்சு. என் வாயாலயே என் நாற்காலியப் போக்கிக்கணுமா? மாட்டேன் சார். பத்து நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா நாலு மணி ஆயிடும்.”

சட்டம் அவர் பக்கம் இருந்தது. கையெழுத்து இல்லாத அட்டை வெறும் காகிதம். காவலர் அட்டையை மறுபடி படித்தார். ‘தினமும் மனசுக்குள்ள இந்த மூலையத்தான் மறுகற்பனை பண்ணிக்கிட்டு இருந்தேன்.’ பதினோரு ஆண்டில் அவர் கைக்கு வந்த மூவாயிரத்துச் சொச்சம் வாக்கியங்களில் இப்படி ஒன்று வந்ததில்லை. இதில் குளியலறை இல்லை, வங்கி இல்லை. ஒரு கதவு இருந்தது; அதன் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தம் நாற்காலியைத் தவிர வேறெதையும் பார்க்காத ஒருவர் அவளுக்கு எதிரே, காற்று வாங்கிக்கொண்டு, அவள் மனத்துக்குள் கிடந்த சொல்லையே ஊரெல்லாம் தேடியிருக்கிறார்.

நாற்காலியைப் பார்த்தார். எத்தனை முறை பார்த்தது! இப்போது அது வெறும் நாற்காலியாக, நான்கு காலும் இரண்டு கையும் உள்ள ஒரு மரச்சாமானாக, யார் வேண்டுமானாலும் உட்காரக்கூடியதாகத் தெரிந்தது.

பென்சிலை எடுத்தார். மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தார். முதுகுக்கு வைக்கும் சிறு மெத்தையை எடுத்து, தட்டி, மறுபடி நாற்காலியிலேயே வைத்துவிட்டார். பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முப்பது அடி அகலமுள்ள அந்த அறையை, நாடு துறந்து கானகம் புகும் அரசர் நடக்கும் நடையில் கடந்து, கழிவறைக் கதவுக்குப் பக்கத்திலிருந்த இடத்தில் போய் அமர்ந்தார்.

“அப்படின்னா…” என்றார் அம்மையார், சாளரத்தருகே நின்றபடி. குரலில் வெற்றி இல்லை. “நாற்காலி எனக்கா சார்? வார்த்தை நின்னாலும்?”

காவலர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று காலை முதல் அவருடைய மௌனத்தை மூன்று பேர் சம்மதம் என்று கொண்டார்கள், மூன்றும் தவறு. நான்காவது முறை, அது உண்மையாகவே சம்மதமாக இருந்தது.

அம்மையார் உட்காரவில்லை. முதலில் அட்டையை எடுத்துச் சாளரக் கட்டைமேல் வைத்து, குனிந்து, கையெழுத்திட்டார்.

“தேதியும் போடுங்க மேடம்” என்றார் காவலர்.

நான்கு மணிக்குத் தலைமைப் பதிப்பாசிரியர் வந்தார். அட்டையை வாங்கினார். பேசியவர் பெயரைப் படித்து, சாளரத்தைப் பார்த்து, கதவைப் பார்த்து, மீசையற்ற முகத்தையும் ஒருமுறை பார்த்து, எதைப் பற்றிக் கேட்பது என்று தெரியாமல் எதையும் கேட்காமல், மேகம் உருளுவதுபோல் தொண்டையைக் கனைத்தார்.

“சொல் நின்றது! மகரம் மூடப்பட்டது!” என்று முழங்கினார்.

வீழ்ந்த மதிலோடும் நின்ற சொல்லோடும் காவலர் வீடு திரும்பினார். வாசல் முழுக்கப் பெட்டிகள். மாடிப்படியில் மைத்துனர் ஒரு பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அப்பா கூடத்து நாற்காலியில் அமர்ந்து, தமக்காக ஓர் அரசே இடம்பெயர்வதைக் கூச்சத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி எதிரே வந்தாள். நின்றாள். மீசை இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள். “கையில என்ன, தலையணை உறையா? குடுங்க, மாமாவுக்கு ஆகும். கட்டிலோட அந்த முனையப் புடிங்க.”

அவர் பிடித்தார். ஒரு சொல்லை அதன் ஒரு வரிப் பொருளோடும் ஒரே ஒரு சாட்சியோடும், இனி இந்த மொழி உள்ளளவும், காகிதம் மக்கினாலும் கல் தேய்ந்தாலும், வருங்காலத் தலைமுறையெல்லாம் தேடி வந்து படிக்குமாறு நிலைநிறுத்திய அந்த இரு கைகளாலும், கட்டிலின் கால் நிலைப்படியில் இடிக்காதவாறு சாய்த்துத் தூக்கி, பெட்டி ரூமாக இருந்து ரூமாக ஆன அந்த அறைக்குள் அவர் பக்கவாட்டில் திரும்பாமல் நேராக நடந்து போனார்.

மறுநாள் காலை பத்தேகாலுக்குத் தலைமைப் பதிப்பாசிரியர் வந்து, உள்ளே ஆள் இருக்கிறாரா என்று கதவோரத்துக் காவலரைக் கேட்டார். இருக்கிறார் என்றார் காவலர்.